ஆவணியில் போடவிருந்த பூட்டு

நல்ல காரியத்துக்கு ஆடி ஆகாது என்று எந்தப் புண்ணியவான் சொல்லி வைத்தானோ தெரியாது. கையில் அகப்பட்டால் ஆறுமுகத்தாய் இன்றைக்கும் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள். ஆனால் அன்றைக்கு அவளும்தான் தலையை ஆட்டினாள். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிக் கதைதான்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாசம். ராஜபாளையம் ரோட்டில் ஊரைத் தாண்டி இருந்த தவமணி ஸ்பின்னிங் மில்லுக்கு மதுரையிலிருந்து வேனில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பெரிய பெட்டி ஒன்று, அதோடு கம்பியால் இணைத்த திரைகள் மூன்று. ஒரு திரை மேனேஜருக்கு, ஒன்று கணக்கு எழுதுகிறவருக்கு, ஒன்று ஆட்கள் வந்த நாளைக் குறிக்கிற டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்த ஆறுமுகத்தாய்க்கு. யார் எந்தத் திரையில் தட்டினாலும் அது பெரிய பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்டிக்கென்று கண்ணாடிக் கதவு போட்டு ஏசி அறை வேறு. மில்லில் மனுஷர்கள் பஞ்சுத் தூசியில் வெந்து சாக, பெட்டிக்கு மட்டும் மார்கழிக் குளிர். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பெட்டியைப் பொருத்திக் கொடுக்க வந்த இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். இரண்டு நாள் இருந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கிளம்புகிற அன்றைக்கு ஆறுமுகத்தாயைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“அம்மா, இதைக் கவனமாக் கேட்டுக்கங்க. இந்தப் பெட்டிக்குள்ள ‘சூப்பர்வைசர்’னு ஒரு பேரு இருக்கு. அந்தப் பேர்ல உள்ள போனா எதையும் எழுதலாம், எதையும் அழிக்கலாம். இப்ப அந்தப் பேருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. புதுசா வர்ற பெட்டி எல்லாம் இப்படித்தான் வரும். யாரு முதல்ல உக்காந்து பாஸ்வேர்டு வைக்கிறாங்களோ, அவங்கதான் இதுக்கு முதலாளி. வந்தவன் யாருன்னு அது கேக்காது.”

“கேக்காதா?”

“அதுக்கு யாரைம்மா தெரியும்? நான் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வச்சிருங்க.”

ஆறுமுகத்தாய் மேனேஜர் காசிராஜனைப் பார்த்தாள். காசிராஜன் முதலாளியின் மைத்துனர். அக்காள் வாக்கப்பட்டு வந்த வீட்டில் கூடவே வந்து ஒட்டிக்கொண்டவர். நாற்காலியில் உட்கார்ந்தால் தேய்ந்துவிடும் என்பது போல எப்போதும் நின்றுகொண்டே வேலை வாங்குவார். அவர் உடனே முதலாளி வீட்டுக்குப் போன் போட்டார். முதலாளி கோமதிநாயகம் காரெடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

“தம்பி, பெட்டிய இறக்குனியளா, சரி. அது சரக்கு இறக்குன கணக்கு, அதுல தோஷம் கிடையாது. ஓட்டிப் பாக்கியளா, அது வெள்ளோட்டம். அதுலயும் தோஷம் இல்ல. ஆனா பூட்டு வைக்கது இருக்கு பாருங்க, அது ஆரம்பம். ஆடியில ஆரம்பிச்சு எது விளங்கிருக்கு? ஆவணி முத முகூர்த்தத்துல என் கையாலயே வைக்கேன்.”

“சார், அதுவரைக்கும் இது திறந்த வீடு சார்.”

“அம்மன் காவலு இருக்கு. நீங்க நிம்மதியாப் போங்க.”

ஆக, மெஷின் ஓடலாம், ஆனால் தொடங்கக்கூடாது. பிள்ளையைப் பெற்றுக்கொள், கல்யாணத்தைப் பிறகு பார்ப்போம் என்கிற மாதிரிக் கணக்கு. ஆனாலும் கோமதிநாயகத்தின் கைராசியை அந்தப் பக்கத்தில் யாரும் லேசில் பேசமாட்டார்கள். குருவிகுளத்துக் கரிசல்காரர்கள் கிணறு வெட்டினால் முதல் வெட்டுக்கு அவரைத்தான் கூட்டிப் போவார்கள். அவர் கடப்பாரையைத் தொட்ட இடத்தில் தண்ணீர் வந்ததாகவும் சொல்வார்கள், வராத கிணறுகளைப் பற்றிப் பேசமாட்டார்கள். இன்ஜினியர் ஆறுமுகத்தாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அவளும் அன்றைக்கு முதலாளி சொன்னதற்குத் தலையை ஆட்டினாள். அவளுக்கும் ஆடி என்றால் பயம். அந்தப் பயத்துக்குப் பேர் துரைப்பாண்டி.

துரைப்பாண்டி அவள் புருஷன். அதே மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் பதிலி ஆள். பதிலி என்றால் இதுதான்: காலையில் சங்கு ஊதுமுன் தூக்குச்சட்டியோடு கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தர ஆட்களில் எத்தனை பேர் வரவில்லையோ அத்தனை பதிலியை உள்ளே கூப்பிடுவார்கள். மீதிப் பேர் வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கல்யாணமான நாளிலிருந்து ஆறுமுகத்தாய் பார்த்து வருகிறாள். வேலை கிடைக்காத நாளில் அவன் கட்டிய சோற்றைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் வைப்பான். மத்தியானம் அதையே தட்டில் கொட்டிச் சாப்பிடுவான், ஒரு வார்த்தை பேசமாட்டான். டைம் ஆபீஸில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் அவள். வருவான் என்று வாசலைப் பார்ப்பதும் அவள், அழைக்கப்படாதவன் திரும்பிப் போவதை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதும் அவள். அந்தக் கொடுமை எந்தச் சண்டாளிக்கும் வரக்கூடாது.

அவன் மில்லில் சேர்ந்தது ஒரு ஆடி மாசத்தில். “ஆடியில கால வச்சான். அதான் பதிலியாவே கிடக்கான்” என்று அவன் அம்மா கோமதியம்மாள் சொல்லாத நாள் கிடையாது. சொல்லிச் சொல்லி அது ஆறுமுகத்தாய் நெஞ்சிலும் முள்ளாகத் தைத்துவிட்டது.

அந்த வருஷம்தான் முதல்முறையாக விடியும் போலத் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்குள் நானூற்றி எண்பது நாள் வேலை பார்த்த பதிலிகளை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம். யூனியன்காரர்கள் கொடி பிடித்து, கத்தி, கடைசியில் முதலாளியும் ஒத்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் எல்லார் நாளையும் ஏற்றி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பட்டியலை வெளியிடுவது என்று பேச்சு. ஒவ்வொரு பதிலியிடமும் வருகை அட்டைகளை வாங்கி ஆறுமுகத்தாய் ஆடி முழுக்க உட்கார்ந்து ஏற்றினாள். துரைப்பாண்டிக்கு நாள் தாராளமாக இருந்தது. அவன் சேக்காளி மூக்காண்டிக்கும் இருந்தது. நாற்பது பேருக்கு மேல் தேறினார்கள். ஒரு பேர் தேறும்போதெல்லாம் அவள் தனக்குள்ளே சிரித்துக்கொள்வாள். ஏற்றி முடித்த அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடச் சொன்னார் மேனேஜர்.

“இனிமே எல்லாம் பெட்டிதான். குப்பைய எதுக்குச் சேத்து வைக்கே?”

ஒருநாள் அவரே அவள் பக்கத்தில் வந்து நின்று கேட்டார். “ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கேன். தப்பா ஏத்திட்டா எப்படித் திருத்த?”

“நான் ஏத்தினா ஏத்தினதுதான் சார். என்னால திருத்த ஏலாது. சூப்பர்வைசர் பேர்ல போனாத்தான் ஏலும்.”

“அது எப்படி? காட்டு பாப்போம்.”

அவள் காட்டினாள். கேட்டவர் மேனேஜர், காட்டாமல் என்ன செய்வாள்? அவர் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார். பூனையிடம் பால் சட்டி இருக்கிற இடத்தைச் சொன்னது மட்டுமல்லாமல் மூடியையும் திறந்து காட்டிவிட்டாள் பாவி மகள்.

வீட்டில் துரைப்பாண்டியிடம் இன்ஜினியர் சொன்னதைச் சொன்னபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஏட்டி, அப்ப நீயே ஒண்ணப் போட்டு வச்சிரேன். ஆவணியில முதலாளி கேட்டா சொல்லிட்டாப் போச்சு.”

“நல்லாச் சொன்னிய! முதலாளி கைய வைக்க முந்தி நான் கைய வச்சா என்ன பேரு வரும்? அதுவும் ஆடியில. நீங்க ஆடியில கால் வச்சுப் பட்டது போதாதா?”

“சரிதான், விடு” என்றான் அவனும்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் சூப்பர்வைசர் பேரில் உள்ளே போனாள். எந்தக் கேள்வியும் கேட்காமல் பெட்டி அவளை உள்ளே விட்டது. புதுப் பாஸ்வேர்டு என்ன என்று திரை காத்து நின்றது. அவள் மனசில் ஒரு வார்த்தையும் தயாராக இருந்தது. விரலைக் கொண்டுபோனாள். ஆடி, முதலாளி, மாமியார், எல்லாம் ஒன்றாக வந்து கையைப் பிடித்தன. தன் புருஷன் பிழைப்பு இருக்கிற பெட்டியில் கெட்ட நேரத்தில் கையை வைத்து எதுவாவது ஆகிவிட்டால்? விரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்த விரலை நினைத்து நினைத்து அவள் பிறகு அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல.

அம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழா வந்தது. மில்லுக்கு லீவு. திருவேங்கடத்திலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் ஜனம் பஸ் கூரையிலெல்லாம் ஏறி வந்து ஊர் கொள்ளவில்லை. கோமதியம்மாள் கரிசல் காட்டிலிருந்து ஒரு முடிச்சுப் பருத்தி கொண்டுவந்திருந்தாள். சாமி அம்மனுக்குக் காட்சி கொடுத்த நேரத்தில் எல்லோரும் காணிக்கையாக விளைச்சலை வீச, துரைப்பாண்டியும் அதைக் கூட்டத்துக்கு மேலே வீசினான். ஆறுமுகத்தாய் இரண்டு கையையும் தூக்கி, “தாயே, வார ஆவணிக்காவது” என்றாள். அதற்கு மேல் கேட்க அவளுக்கு ஒன்றுமில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று ஏசி அறையில் ஐயர் வந்து பூஜை. பெட்டிக்குத் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, கதம்பம் சுற்றினார்கள். லாரிக்கு வைக்கிற மாதிரி எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். நசுக்க டயர் இல்லாததால் அது மேஜை மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. யூனியன் ஆட்கள் கதவோரம் நின்றார்கள். பதிலிகள் எல்லோரும் வெளுத்த சட்டை போட்டு வராந்தாவில் கூடியிருந்தார்கள். மூக்காண்டி நெற்றி நிறையப் பட்டை போட்டிருந்தான்.

முதலாளிக்கு டைப் அடிக்க வராது. அவர் காசிராஜன் காதில் வார்த்தையைச் சொன்னார். “இது என் கைன்னே நெனச்சு அடி” என்று சொல்லி, அவர் தோளில் கையையும் வைத்துக்கொண்டார். காசிராஜன் அடித்தார். திரை ஒரு வரி சொன்னது.

“என்ன சொல்லுது?” என்றார் முதலாளி.

எல்லோரும் ஆறுமுகத்தாயைப் பார்த்தார்கள். அவள் இரண்டு தரம் படித்தாள்.

“பழைய பாஸ்வேர்டக் கேக்குது முதலாளி.”

“பழசா? ஏது பழசு? இன்னைக்குத்தான வைக்கோம்?”

“யாரோ... முந்தியே வச்சிருக்காவ.”

தட்டில் கற்பூரம் எரிந்து முடிந்தது. காசிராஜன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“இதுல நித்தமும் உக்காந்து தட்டுறது யாருன்னு ஊருக்கே தெரியும்.”

ஆறுமுகத்தாய் முதலாளி பக்கம் திரும்பினாள். “ஆத்தாடி, நான் இல்ல முதலாளி, நான் தொடவே இல்ல” என்றாள். தொடப் போய் விரலை எடுத்தது ஞாபகம் வந்து குரல் உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தக் குரலை எல்லோரும் கேட்டார்கள்.

மறுநாள் இன்ஜினியர் மதுரையிலிருந்து வந்தார். தன் பையிலிருந்த பிளாப்பியைப் போட்டு யாரோ வைத்த பூட்டை உடைத்தார். “அன்னைக்கே சொன்னேன்” என்று முணுமுணுத்தார். பிறகு பட்டியல் பிரிண்ட் ஆகி வந்தது. கரகரவென்று காகிதம் நீண்டது. ஆனால் தேறியவர் என்று அதில் இருந்தது ஒரே ஒரு பேர்தான். துரைப்பாண்டி.

மற்ற எல்லோருக்கும் நாள் குறைந்திருந்தது. ஒருத்தருக்கும் மொத்தமாக வெட்டவில்லை. கீரை கிள்ளுகிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி, நானூற்றி எண்பதைத் தொடாமல் நிறுத்தியிருந்தது. மூக்காண்டிக்கு வெகு கொஞ்சத்தில் போயிருந்தது.

“எப்ப மாத்திருக்குன்னு பெட்டி சொல்லுமா?” என்று யூனியன்காரர் கேட்டார்.

இன்ஜினியர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “எண்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது. காலைல போட்டதும் பெட்டி தேதி கேக்கும். தேதி அடிக்காம சும்மா என்டர் தட்டினா அது இந்தத் தேதியைத்தான் எடுத்துக்கும்.”

ஆறுமுகத்தாய்க்கு உயிர் வந்தது. “சார், நான் நித்தமும் தேதி போட்டுத்தான் உள்ள போவேன்! ஒருநாளும் சும்மா தட்டினதில்ல. என் வேலை எல்லாத்துலயும் தேதி சரியா இருக்கும், பாருங்க. இது நான் இல்ல, இது தேதி போடத் தெரியாத ஆளு!”

“இல்லன்னா, வேணும்னே போடாம விட்ட ஆளு” என்றார் காசிராஜன். இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் நடக்கக்கூடியதுதானே.

அட்டைகள் இருந்தால் திரும்ப ஏற்றிவிடலாம். அட்டைகளெல்லாம் எந்த ஊர்க் கடையில் எந்த வடையைச் சுமந்து போயினவோ. யூனியன்காரர்கள் கோர்ட்டுக்குப் போவோம் என்றார்கள். போனார்கள். அது போய்க்கொண்டே இருந்தது.

அன்றைக்குப் பிற்பகல் காசிராஜன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“எதுக்கும்மா குதிக்கே? முதலாளி உன்ன வேலைய விட்டு நிப்பாட்டல. போலீசுக்கும் போகல. உன் வீட்டுக்காரனுக்கு நல்லதுதான நடந்திருக்கு? எப்படியோ உன் வீட்டுல ஒரு விளக்கு எரியுது. அதப் போய் நீயே ஊதி அணைக்கணுமா?”

அவர் முகத்தில் கோபமே இல்லை. சிரிப்பும் இல்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்பது பேரை நிரந்தரமாக்குகிற செலவை மிச்சம் பிடித்து அக்காள் புருஷனுக்கு நல்ல பிள்ளையாக வேண்டும், பழி போட ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் வாயைத் திறக்காமல் இருக்க, அவள் புருஷன் பேரை மட்டும் கிள்ளாமல் விட்டு வைத்திருக்கிறார். மாற்றியதை வேறு யாரும் திரும்ப மாற்றிவிடாமல் பூட்டும் போட்டிருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்தால் பரவாயில்லை. இந்த வேலி மேய்ந்துவிட்டுப் பக்கத்தில் கட்டியிருந்த பசுவின் வாயிலும் கொஞ்சம் பயிரைத் திணித்துவிட்டுப் போயிருந்தது.

குழாயடியில் ஞானபூரணம் நின்றுகொண்டிருந்தாள். ஆபீஸ் கூட்டுகிறவள். அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“ஏ பிள்ள, தபசு அன்னைக்கு மேனேஜர் வந்தாரு. கண்ணாடி ரூமத் தொறக்கச் சொல்லி என்னத்தான் கூப்பிட வீட்டுக்கு ஆள் விட்டாரு. நான்தான் தொறந்து விட்டேன். அம்மாம் நேரம் உள்ள இருந்தாரு.”

“அக்கா! இத முதலாளிகிட்ட வந்து சொல்லுவியா?”

ஞானபூரணம் முகம் சுண்டிப்போயிற்று. “என் மகன அடுத்த மாசம் வேலைக்கு எடுக்கேன்னு சொல்லிருக்காரு. நான் சொன்னதாச் சொல்லிராத. சொன்னா, நான் தபசுக்கு இங்க வரவே இல்லன்னு சத்தியம் பண்ணுவேன், ஆமா.” சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

ஆறுமுகத்தாய் அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. முதலாளி வீட்டுக்கே போனாள். ஞானபூரணம் பேரைச் சொல்லாமல் முடிந்தவரை சொன்னாள். கோமதிநாயகம் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட மனுஷர் அல்ல, அதுதான் இன்னும் மோசம்.

“தாயி, என் வீட்டு ஆளச் சொல்லுத. சரி, கேட்டுக்கிட்டேன். நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. காசிதான் செஞ்சான்னா, அத்தன பேருல உன் புருசன் பேரு மட்டும் எப்படி நின்னுச்சு?”

அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? என்னைத் திருடியாக்க எனக்கே நகையைப் போட்டுவிட்டுப் போனான் என்று எந்த ஊரில் சொல்ல முடியும்?

“போ. நான் மன்னிச்சுட்டேன்” என்றார் முதலாளி. அவளைத் திரையிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டார்கள்.

துரைப்பாண்டி ஆரம்பத்தில் சிங்கமாகத்தான் நின்றான். கேட்டில் எவனோ அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்கு அவன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தான். “என் பெண்டாட்டியப் பத்தி எனக்குத் தெரியும்லே” என்று கத்தியதாக மூக்காண்டியே வந்து சொன்னான். மூக்காண்டி வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றான். எப்போதும் அடுப்படி வரைக்கும் வந்து என்ன குழம்பு என்று பானையைத் திறந்து பார்க்கிறவன்.

“மயினி, நான் ஒண்ணும் கேக்க வரல. என் பேரையும் சேத்து விட்டிருக்கலாம்லா? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?”

“அண்ணே, நான் இல்லண்ணே. அம்மனாணை நான் இல்ல.”

“சரி மயினி” என்றான். அந்தச் சரியைக் கேட்டதற்கு அவன் செருப்பால் அடித்திருக்கலாம்.

நிரந்தர ஆர்டர் தபாலில் வந்தது. ஆறுமுகத்தாய் அதைத் துரைப்பாண்டி கையில் கொடுக்கும்போதே சொன்னாள்.

“வாங்காதிய. இத வாங்கினா நாமதான்னு ஆயிரும். எல்லாருக்கும் வந்தாத்தான் எனக்கும்னு திருப்பிக் கொடுத்துருங்க. அப்பத்தான் என் பேரு நிக்கும்.”

அவன் அந்தக் காகிதத்தில் தன் பேரைத் தேடிப் படித்தான். கோமதியம்மாள் அதைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மன் படத்தடியில் வைத்தாள். வைத்துவிட்டுக் கொண்டைக்குள் இருந்த பூவை எடுத்து அதன் மேல் போட்டாள்.

“ஏட்டி, எத்தன வருசம் கேட்டுல நின்னுருக்கேன்னு ஒனக்குத் தெரியும். எண்ணி எண்ணித் திருப்பி அனுப்புவான், ஆட்ட அனுப்புற மாதிரி. அதத் திரும்ப நிக்கச் சொல்லுதியா?”

அவன் நிற்பதைப் பார்த்தவளும் அவள்தானே.

அடுத்த திங்கட்கிழமை அவன் கேட்டில் நிற்காமல் நேராக உள்ளே போனான். கேட்டில் மற்றவர்கள் நின்றார்கள், யாரும் அவனைக் கூப்பிடவில்லை, அவனும் தலையைத் திருப்பவில்லை. ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ஆறுமுகத்தாய் அதைப் பார்க்கவில்லை.

பிறகு வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. துரைப்பாண்டி நிம்மதியாகத் தூங்கினான். சாப்பிடும்போது பேசினான். ஞானபூரணம் சொன்னதை அவள் அவனிடம் ஒன்று விடாமல் சொல்லியிருந்தாள். அப்போது “அந்த நாய வெட்டணும்” என்று பல்லைக் கடித்தவன், பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவளாக எடுத்தால், “சரி, விடு” என்பான். எங்கேயோ கேட்ட சரி மாதிரி இருந்தது அவளுக்கு.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். துரைப்பாண்டி ஷிஃப்ட் முடிந்து வந்தான். கையில் வாழை இலைப் பொட்டலம். பிரித்தால் மல்லிகைப் பூ, நெருக்கமாகக் கட்டியது. கல்யாணமான புதுசில் வாங்கினது, அதற்குப் பிறகு அவன் பூ வாங்கி அவள் பார்த்ததில்லை. அவனே அவள் தலையில் வைக்க வந்தான். வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஏட்டி, நான் ஒண்ணு சொன்னா வருத்தப்படாத. என்கிட்டயாவது உண்மையச் சொல்லிருக்கலாம்லா?”

“என்ன உண்மை?”

“மேனேஜரு, ஞானபூரணம், அதெல்லாம் வெளிய சொல்லுறதுக்கு. எனக்கு எதுக்கு?” அவன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. “அன்னைக்கு நான்தான நீயே போட்டு வச்சிரேன்னு சொன்னேன். நான் சொல்லித்தான் செஞ்ச. பாவம்னா எனக்குத்தான். சாமி சத்தியமா யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். எனக்காகத்தான செஞ்ச?”

ஆறுமுகத்தாய் அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவள் காத்துக் கிடந்த சந்தோஷம் அந்த முகத்தில் இருந்தது. அவள் மேல் அவனுக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறது என்று அவளுக்கே அதுவரை தெரியாது. இல்லை என்று சொன்னால், “சரி” என்பான். சொல்லிவிட்டு மனசுக்குள் இன்னும் கொஞ்சம் பிரியமாக நம்புவான். ஊர் சொன்னபோது தாங்கினாள், முதலாளி மன்னித்தபோதும் தாங்கினாள். இவன் நன்றி சொல்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“நான் செய்யலங்க” என்றாள்.

“சரி” என்றான் துரைப்பாண்டி. அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கால் கழுவப் போனான்.

தூக்குச்சட்டி அடுப்படியில் காலியாக இருந்தது. ஒரு பருக்கைகூட மிச்சமில்லாமல் சாப்பிட்டிருந்தான். அதைக் கழுவ எடுத்துக்கொண்டு அவள் கொல்லைக்குப் போனாள்.